விளக்கின் ஆயுளை எண்ணியவர்

கடையில் எல்.இ.டி. விளக்கு வாங்கும்போது அதன் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 25,000 மணி நேரம் எரியும் என்று அச்சிட்டிருப்பார்கள். ஓர் ஆண்டில் இருப்பது 8,760 மணி நேரம்தான். இரவு பகல் பாராமல் எரிய விட்டாலும், அந்தக் கணக்கு முடிய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் அந்த விளக்கின் அடுத்த வடிவம் கடைக்கு வந்துவிடும். அப்படியானால் 25,000 மணி நேரத்தை எண்ணிப் பார்த்தது யார்?

முழுவதையும் யாரும் எண்ணவில்லை. அதிகத் திறன் கொண்ட எல்.இ.டி.களைச் சோதனைக்கூடத்தில் குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்து, மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தி, குறைந்தது 6,000 மணி நேரம் தொடர்ந்து எரிய விடுகிறார்கள். 1,000 மணி நேரத்திற்கு ஒரு முறையாவது அவற்றின் ஒளியை அளக்கிறார்கள். அவற்றின் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் மாறியிருக்கிறதா என்பதையும் பார்ப்பதுண்டு. எல்.இ.டி. பெரும்பாலும் சட்டென்று அணைவதில்லை. மெல்ல மெல்ல மங்குகிறது. அதன் ஒளி தொடக்கத்தில் இருந்ததில் 70 விழுக்காடாகக் குறையும் நேரத்தையே அதன் ஆயுளின் எல்லையாகப் பொதுவாகக் கொள்கிறார்கள். 6,000 மணி நேரத்தில் கிடைத்த அளவுகளை வைத்து மீதியைக் கணக்கிடுகிறார்கள். அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சோதித்த நேரத்தைப் போல் ஆறு மடங்கிற்கு மேல் நீட்டிச் சொல்லக் கூடாது.

விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் கடிகாரத்தையும் அளவுமானியையும் குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு, அது எப்போது கெடுகிறது, ஏன் கெடுகிறது என்று காத்திருந்து பார்க்கும் இந்த வேலைக்கு ஏறக்குறைய 150 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதன் முன்னோடிகளில் முதன்மையானவர் தாமஸ் ஆல்வா எடிசன். மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் என்றே அவரை நாம் அறிந்திருக்கிறோம். அது முழு உண்மை அன்று. மின்சாரத்தால் ஓர் இழையை ஒளிரச் செய்ய அவருக்கு முன்பே பலருக்குத் தெரிந்திருந்தது. அணையாமல் எரியச் செய்யத்தான் யாருக்கும் தெரியவில்லை.

எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள மிலன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரனுக்குக் குடிபெயர்ந்தது. அவர் பள்ளிக்குச் சென்ற காலம் மிகக் குறைவு. தாயார் நான்சியே அவருக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதில் போர்ட் ஹியூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய ரயிலில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்றார். சிறு வயதிலேயே அவருக்குக் காது கேட்பது குறையத் தொடங்கியது. வளர வளர அந்தக் குறை கூடியதே தவிரக் குறையவில்லை.

ரயில் நிலைய அதிகாரி ஒருவரின் குழந்தை, ஓடி வந்த ரயில் பெட்டியின் முன் சிக்கவிருந்தபோது எடிசன் பாய்ந்து காப்பாற்றினார். அதற்கு நன்றியாக அந்த அதிகாரி அவருக்குத் தந்தி அனுப்பும் கலையைக் கற்றுக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. பின்னர் பல ஊர்களில் தந்தி இயக்குநராக வேலை பார்த்தார். மின்கலங்கள், கம்பிகள், காந்தங்கள் ஆகியவற்றோடு பழகிய அந்த ஆண்டுகளே அவருக்குக் கல்லூரி. 1869இல் வாக்குகளைப் பதிவு செய்யும் கருவி ஒன்றுக்கு முதல் காப்புரிமை பெற்றார். கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சட்டமன்றத்தினர் அதை விரும்பவில்லை. வாக்கெடுப்பு அவ்வளவு விரைவாக முடிவது அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

1876இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க்கில் எடிசன் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அடுத்த ஆண்டே ஒலியைப் பதிவு செய்து திரும்பப் பேசும் கருவியை உருவாக்கினார். அதனால் அவருடைய பெயர் உலகெங்கும் பரவியது. அந்தப் புகழே அவரை ஓர் இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

1878ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். கனெக்டிகட் மாநிலத்தில் மின்வில் விளக்குகளை எரிய விட்டுக் காட்டிய ஒரு பட்டறைக்கு எடிசன் சென்றிருந்தார். கண்ணைக் கூசச் செய்யும் அந்த விளக்குகள் தெருவுக்குத்தான் பொருந்தும். வீட்டு அறைக்குப் பொருந்தா. வீட்டுக்கு ஏற்ற சிறிய மின்விளக்கைத் தம்மால் விரைவில் செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றியது. ஊர் திரும்பியதும், சிக்கலுக்குத் தீர்வு கண்டுவிட்டதாகவே செய்தியாளர்களிடம் அறிவித்தார். அப்போது வீடுகளிலும் தெருக்களிலும் எரிந்தவை எரிவாயு விளக்குகள். எடிசனின் அறிவிப்பு வெளிவந்ததும் எரிவாயு நிறுவனங்களின் பங்கு விலை சரிந்தது. செல்வந்தர்கள் பணம் கொடுத்தார்கள். அக்டோபரில் எடிசன் மின்விளக்கு நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஆனால் எடிசனின் கையில் விளக்கு இல்லை. சில நிமிடங்கள் ஒளிர்ந்துவிட்டு உருகும் பிளாட்டினச் சுருள்தான் இருந்தது.

பிளாட்டினம் எளிதில் உருகாத உலோகம்தான். ஆயினும், நல்ல ஒளி தரும் வெப்பத்துக்கும் அது உருகும் வெப்பத்துக்கும் இடைவெளி மிகச் சிறியது. சூடு மிகும்போது மின்னோட்டத்தைத் தானாகவே துண்டிக்கும் அமைப்புகளை எடிசன் சேர்த்துப் பார்த்தார். விளக்கு மினுக்கியதே ஒழிய நிலைத்து எரியவில்லை. மாதங்கள் ஓடின. செய்தித்தாள்கள் கேலி செய்யத் தொடங்கின. இந்த இடத்தில் எடிசன் அவசரப்பட்டார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சொல்லை முதலில் கொடுத்துவிட்டுச் செயலைப் பின்னால் தேடினார்.

அவரைக் கரையேற்றியவை இரண்டு. முதலாவது, கெட்டுப்போன விளக்குகளை அவர் தூக்கி எறியாதது. 1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எரிந்து முடிந்த பிளாட்டினக் கம்பிகளை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். கம்பியின் மேற்பரப்பெங்கும் நுண்ணிய வெடிப்புகள் இருந்தன. உலோகத்துக்குள் அடைந்திருந்த வாயு, சூட்டில் வெளியேறும்போது அந்த வெடிப்புகளை உண்டாக்கியது என்று அவர் முடிவு செய்தார். எனவே, கம்பியைக் காற்றில்லாத வெற்றிடத்தில் வைத்து, சிறிது சிறிதாகச் சூடேற்றி, உள்ளிருக்கும் வாயுவை முதலில் வெளியேற்றினார். கம்பி முன்பைவிட உறுதியாயிற்று. இதனால் வெற்றிடத்தின் அருமை அவருக்குப் புரிந்தது. பாதரசத் துளிகளைக் கொண்டு காற்றை இழுத்து வெளியேற்றும் குழாய்களை அவருடைய குழுவினர் மேம்படுத்தினார்கள். அக்டோபர் மாதத்திற்குள், கண்ணாடிக் குமிழியில் இருக்கும் காற்றை ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க அவர்களால் முடிந்தது.

இரண்டாவது, கணக்கு. கணிதம் படித்த பிரான்சிஸ் அப்டன் 1878இன் இறுதியில் குழுவில் சேர்ந்தார். விளக்கின் மின்தடை குறைவாக இருந்தால், அதற்குப் பெரும் மின்னோட்டம் வேண்டும். பெரும் மின்னோட்டத்தைக் கொண்டு செல்லத் தடித்த செப்புக் கம்பி வேண்டும். ஒரு நகரம் முழுவதற்கும் அப்படிக் கம்பி போட்டால், செம்பின் விலையே திட்டத்தை விழுங்கிவிடும். மின்தடை நூறு ஓம் அளவுக்கு உயர்ந்த விளக்காக இருந்தால், குறைந்த மின்னோட்டமும் மெல்லிய கம்பியும் போதும். ஆகவே அவர்கள் தேடவேண்டியது வெறும் ஒளிரும் பொருளை அன்று; முடியைப் போல் மெல்லியதாகவும், மின்தடை மிகுந்ததாகவும், நீண்ட நேரம் தாங்குவதாகவும் உள்ள இழையை. நல்ல வெற்றிடம் கைக்கு வந்துவிட்டதால், முன்பு எரிந்து சாம்பலான கரியை மீண்டும் முயன்று பார்க்கத் துணிந்தார்கள்.

1879ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அதிகாலை ஒன்றரை மணி. தையல் நூலைக் கரியாக்கிச் செய்த இழை ஒன்றைக் குமிழிக்குள் வைத்து மின்சாரம் செலுத்தினார்கள். எடிசனின் நெருங்கிய உதவியாளர் சார்ல்ஸ் பாச்சிலர் அதைக் குறிப்பேட்டில் எழுதினார். விடிந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நண்பகல் ஆயிற்று, இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணி வரை, அதாவது பதின்மூன்றரை மணி நேரம், அந்த நூலிழை தாங்கியது. பிறகு அவர்கள் ஒன்று செய்தார்கள். எரிகிற விளக்கை அப்படியே விட்டுவைக்காமல், மின்னோட்டத்தைக் கூட்டி மேலும் பிரகாசமாக்கினார்கள். ஒரு மணி நேரத்தில் கண்ணாடி வெடித்தது. அந்த விளக்கு நாற்பது மணி நேரம் எரிந்ததாகப் பல நூல்கள் கூறுகின்றன. குறிப்பேடு அவ்வாறு கூறவில்லை. நாற்பது மணி நேரக் கதை கேட்பதற்கு இனிமையாக இருந்தாலும், எங்கே உடைகிறது என்று தெரிந்துகொள்ளவே நன்றாக எரிந்த விளக்கின் சூட்டை அவர்கள் கூட்டினார்கள் என்பதுதான் எடிசனின் பட்டறையைச் சரியாகக் காட்டுகிறது.

அதன் பின் வேலை விரைந்தது. தடித்த அட்டையைக் குதிரை லாட வடிவில் வெட்டிக் கரியாக்கிய இழை, நூலைவிட நன்கு உழைத்தது. அந்த ஆண்டின் கடைசி இரவில் பொதுமக்கள் மென்லோ பார்க்குக்கு வந்து விளக்குகளைப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். கூட்டத்தைச் சமாளிக்கச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் என்பவரும் ஏறக்குறைய அதே காலத்தில் கரி இழை விளக்கைச் செய்து காட்டியிருந்தார். பின்னாளில் இருவரும் அங்கே ஒரே நிறுவனத்தில் இணைந்தார்கள்.

மக்கள் பார்த்துவிட்டுச் சென்ற பிறகுதான் யாரும் பார்க்க வராத வேலை தொடங்கியது. வில்லியம் ஹாமர் என்னும் இளைஞர் விளக்குகளைச் சோதிக்கும் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொரு விளக்கும் எப்போது ஏற்றப்பட்டது, எப்போது அணைந்தது, எந்த இடத்தில் அறுந்தது என்றெல்லாம் பதிவாயின. மின்னழுத்தத்தைச் சற்றே உயர்த்தினாலும் ஒளி கூடுகிறது, ஆனால் ஆயுள் வெகுவாகக் குறைகிறது என்பது தெரிய வந்தது. 100 வோல்ட்டுக்கு உரிய விளக்கை 105 வோல்ட்டில் எரித்தால், அதன் ஆயுள் பாதியாகிவிடலாம். இதையே அவர்கள் ஓர் உத்தியாகவும் மாற்றிக்கொண்டார்கள். பல நூறு மணி நேரம் காத்திருக்க முடியாதபோது, சில விளக்குகளை அளவுக்கு மீறிப் பிரகாசமாக எரித்து விரைவில் கெடச் செய்து, அதிலிருந்து இயல்பான ஆயுளைக் கணித்தார்கள். இன்று எல்.இ.டி.யை மிகுந்த வெப்பத்தில் வைத்துச் சோதிப்பவர்கள் செய்வதும் இதற்கு நெருங்கிய வேலைதான்.

1880ஆம் ஆண்டுக் கோடையில், ஒரு விசிறியின் ஓரத்தில் இருந்த மூங்கில் கீற்றை எடிசன் கரியாக்கிப் பார்த்தார். அதன் நேரான, நெருக்கமான நார்கள் மற்றவற்றைவிட மேலாக இருந்தன. ஜப்பானின் கியோட்டோ அருகே விளைந்த மூங்கிலில் செய்த இழைகள் 1,000 மணி நேரத்தைத் தாண்டி எரிந்தன. ஆயினும் அவருக்கு மனம் நிறையவில்லை. இதைவிடச் சிறந்த மூங்கில் எங்காவது இருக்கலாம் அல்லவா? தேடிவர ஆட்களை அனுப்பினார். அவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ரிகால்டன் என்னும் பள்ளி ஆசிரியர். அவர் 1888இல் புறப்பட்டு முதலில் இலங்கைக்கு வந்தார். பிறகு இந்தியாவில் தெற்கே கன்னியாகுமரி வரை சென்றார். பர்மாவிலும் கிழக்கு நாடுகளிலும் அலைந்தார். கையோடு கொண்டு வந்த கருவிகளால் போகும் இடமெல்லாம் மூங்கில் நார்களைச் சோதித்தார். இலங்கையில் வளரும் பெரிய மூங்கில் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஓராண்டு கழித்து அவர் நல்ல மூங்கிலோடு ஊர் திரும்பியபோது, மூங்கிலின் தேவையே குறைந்திருந்தது. செல்லுலோசைப் பசைபோல் கரைத்து, சிறு துளை வழியே பிதுக்கிச் செய்யும் சீரான இழை அதற்குள் முன்னேறிவிட்டது. அந்த ஆசிரியருக்காக நாம் சிறிது வருந்தலாம்.

நீண்ட நேரம் எரிந்த விளக்குகள் இன்னொன்றையும் காட்டின. மணிக்கணக்கு ஏற ஏறக் கண்ணாடியின் உட்புறம் கறுத்தது. இழையிலிருந்து கிளம்பிய கரித்துகள்கள் அங்கே போய்ப் படிந்தன. விளக்கு அணைவதற்கு முன்பே இந்தக் கறுப்பு அதன் ஒளியைத் தின்றது. ஆனால் எங்கும் ஒரே சீராகக் கறுக்கவில்லை. ஒரு பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. இழையின் ஒரு கால், துகள்களை மறித்து நிழல் விழச் செய்ததுபோல் அது தோன்றியது. துகள்கள் இழையின் எதிர்முனைப் பக்கத்திலிருந்து புறப்படுகின்றன என்று அவர்கள் ஊகித்தார்கள்.

இதைத் தடுக்க வழி தேடிய எடிசன், குமிழிக்குள் இழையின் இரு கால்களுக்கு நடுவே, எதையும் தொடாதபடி ஓர் உலோகத் தகட்டை வைத்துப் பார்த்தார். கறுப்பு நிற்கவில்லை. ஆனால் அந்தத் தகட்டை அளவுமானி வழியாக இழையின் நேர்முனையோடு இணைத்தபோது முள் அசைந்தது. இடையில் கம்பி எதுவும் இல்லை, இருந்தது வெற்றிடம். அதன் வழியே மின்சாரம் பாய்ந்தது. எதிர்முனையோடு இணைத்தபோது முள் அசையவில்லை. மின்சாரம் ஒரு திசையில் மட்டும் சென்றது.

எடிசன் அதற்கு ஒரு காப்புரிமை பெற்றார். 1884இல் அது வழங்கப்பட்டது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் கருவியாக மட்டும் அதைப் பயன்படுத்த எண்ணினார். அது ஏன் நிகழ்கிறது என்று தொடர்ந்து ஆராயவில்லை. வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். எலக்ட்ரான் என்னும் நுண்துகள் இருப்பதை ஜே. ஜே. தாம்சன் காட்டியது 1897இல்தான். அதனால் எடிசனை முழுவதும் குறை சொல்வதற்கில்லை. லண்டனில் அவருடைய நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஜான் ஆம்புரோஸ் பிளெமிங், கறுத்துப்போன அந்த விளக்குகளை மறக்கவில்லை. 1904இல் அதே அமைப்பைக் கொண்டு, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் வெற்றிடக் குழாயைச் செய்தார். இரண்டு முனைகள் கொண்ட அத்தகைய கருவிக்குப் பின்னர் டையோடு என்ற பெயர் வந்தது. எல்.இ.டி. என்பதன் கடைசி எழுத்து குறிப்பதும் இந்தச் சொல்லைத்தான். இன்றைய எல்.இ.டி.க்குள் வெற்றிடமோ சூடான இழையோ இல்லை. குறைகடத்திப் படிகம்தான் இருக்கிறது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் குணமும் பெயரும்தான் இரண்டுக்கும் பொது.

1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. முதல் நாள் எரிந்தவை ஏறத்தாழ 400 விளக்குகள். அதன் பின் வந்த ஆண்டுகளில் நேர்மின்னோட்டமா மாறுமின்னோட்டமா என்று பெரும் போட்டி நடந்தது. அதில் எடிசன் ஆதரித்த நேர்மின்னோட்டம் தோற்றது. அதுவே தனியாகச் சொல்லவேண்டிய நீண்ட கதை.

விளக்கில் கற்ற பொறுமைக்கு ஒரு கடும் சோதனை இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்தது. மின்சாரத்தால் ஓடும் கார்களுக்காக, நிக்கலும் இரும்பும் கொண்ட புதிய மின்கலத்தை எடிசன் உருவாக்கினார். 1903இல் அது விற்பனைக்கு வந்தது. முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. மாதங்கள் சென்றபின் புகார்கள் வந்தன. சில கலங்கள் கசிந்தன. சில, முன்போல் மின்சாரத்தைத் தேக்கி வைக்கவில்லை. சோதனைக்கூடத்தில் சில வாரங்களில் தெரியாத குறை, வாங்கியவர்களின் கையில் தெரிந்தது. வாங்க ஆட்கள் இருந்தும், 1904இன் இறுதியில் எடிசன் உற்பத்தியை நிறுத்தினார். பழுதானவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், கலங்களை நிரப்பியும் வெறுமையாக்கியும், கரடுமுரடான சாலைகளில் ஓட்டியும், இயந்திரத்தில் பொருத்தி இலட்சக்கணக்கான முறை குலுக்கியும் சோதித்தார்கள். 1909இல் திருத்திய கலம் வெளிவந்தது. பல ஆண்டுகள் உழைக்கும் கலம் என்று அது பெயர் பெற்றது. ஆனால் அதற்கு முன்பே ஹென்றி ஃபோர்டின் பெட்ரோல் கார் சந்தைக்கு வந்துவிட்டது. எடிசனின் கலம் காருக்கு அதிகம் பயன்படவில்லை. ரயில்வே சமிக்ஞைகளுக்கும் சுரங்கத் தொழிலாளர்களின் விளக்குகளுக்கும் பயன்பட்டது.

அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகளைப் பெற்ற எடிசன், 1931ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், தம் 84ஆம் வயதில் நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சில் காலமானார். மூன்று நாள் கழித்து அவரை அடக்கம் செய்தார்கள். அவருக்கு மரியாதை செலுத்த நாடு முழுவதும் மின்சாரத்தைச் சிறிது நேரம் நிறுத்தலாமா என்ற யோசனை எழுந்தது. அதிபர் ஹூவர் அதை ஏற்கவில்லை. மருத்துவமனைகளும் தண்ணீர்க் குழாய்களும் போக்குவரத்தும் மின்சாரத்தை நம்பி இருந்தன. ஒரு நிமிடம் நிறுத்தினாலும் உயிர்கள் போகக்கூடும். ஆகவே மக்கள் தாங்களாகவே விளக்குகளை அணைக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். அன்றிரவு பத்து மணிக்கு வீடுகளிலும் தெருக்களிலும் விளக்குகள் ஒரு நிமிடம் அணைந்திருந்தன. பிறகு மீண்டும் எரிந்தன.